எத்தியோப்பிய நண்பருக்கு மதுரையில் எதைக் காட்டுவது?

கேள்வி, ஜூன் 3

அடிஸ் அபாபாவில் இரண்டு ஆண்டுகளாகப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். சொந்த ஊர் மதுரை. உடன் வேலை செய்யும் வேதியியல் ஆசிரியர் ஒருவர் ஜூலை விடுமுறையில் வருகிறார். நான்கு நாள் எங்கள் வீட்டில் தங்குவார். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், காந்தி அருங்காட்சியகம், கீழடி என்று பட்டியல் போட்டுவிட்டேன். என்ன காட்டினாலும் வெளிநாட்டவருக்கு நம் ஊர் விளங்கப்போவதில்லை, படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்கிறார் அப்பா. எனக்கும் பாதி அப்படித்தான் தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு

தம்பி, உங்கள் அப்பா சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எத்தியோப்பியாவின் கோண்டாரில் நான்கு ஆண்டுகள் கணிதம் கற்பித்தேன். அங்கே கிடைத்த தோழி பிறகு முனைவர் பட்ட ஆய்வுக்காக விசாகப்பட்டினம் வந்தார். ஒரு தை மாதம் மதுரைக்கு வந்து எங்கள் வீட்டில் ஐந்து நாள் இருந்தார். சில இடங்களில் என் ஊரை என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார். அவருக்கு விளங்காமல் போனவற்றுக்குப் பெரும்பாலும் என் அவசரமே காரணம்.

நானும் உங்களைப் போலப் பட்டியல் வைத்திருந்தேன். கோயில், மகால், அருங்காட்சியகம் மூன்றையும் முதல் நாளிலேயே முடித்தேன். காந்தியின் இரத்தக்கறை படிந்த வேட்டிக்கு முன்னால் அவர் அசையாமல் நிற்கிறார். நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறேன். அதை நினைத்தால் இன்றும் மனம் குறுகுகிறது. 1921 செப்டம்பரில் இதே ஊரின் மேலமாசி வீதியில்தான் அந்த மனிதர் அரையாடைக்கு மாறினார் என்பதை நின்று நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டும். ஆட்டோவில் போகும்போது அரைகுறையாகச் சொன்னேன்.

அவர் எனக்குக் கோண்டாரைக் காட்டியது வேறு விதம். அரண்மனைக் கோட்டைக்கு மூன்று மாதம் கழித்துத்தான் அழைத்துப் போனார். முதல் வாரம் தெஃப் தானியம் வாங்கச் சந்தைக்கு. அடுத்த வாரம் அவர் தெருவில் ஒரு சாவு. அங்கே ஒவ்வொரு பகுதியிலும் ‘இதிர்’ என்று ஒரு சங்கம் உண்டு. மாதந்தோறும் பணம் கட்டுவார்கள். துக்க வீட்டுக்குக் கூடாரம், பெஞ்சு, பாத்திரம் எல்லாம் அந்தச் சங்கமே கொண்டுவந்து இறக்கும். அந்தக் கூடாரத்தில் ஒரு பெஞ்சின் ஓரத்தில் என்னை உட்காரவைத்தார். அம்ஹாரிக்கில் எனக்குப் பத்து வார்த்தைகூடத் தெரியாது. பக்கத்திலிருந்த கிழவி வறுத்த தானியத்தை என் கையில் கொட்டினார். அன்றிலிருந்து அது எனக்கு ஊர்.

பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள். மகாலை அடிக்காதீர்கள். ஏன் என்று நாளை எழுதுகிறேன்.

ஜூன் 4

மகால் 1636இல் கட்டப்பட்டது. கோண்டாரை மன்னர் ஃபாசிலிதஸ் தலைநகராக்கியதும் 1636 என்றே சொல்வார்கள். இங்கே திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை, அங்கே ஃபாசிலிதஸ் 1632 முதல் 1667 வரை. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு அரசர்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஆளுக்கோர் அரண்மனையும் ஆளுக்கொரு குளமும் கட்டியிருக்கிறார்கள். இதை நான் முன்கூட்டித் தேடி வைக்கவில்லை. மகாலின் தூண்களுக்கு நடுவே நின்று ஆண்டைச் சொன்னேன். “எங்கள் ஊரின் வயது” என்றார் அவர். அதுவரை பயணிபோல் பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு ஒவ்வொரு வளைவின் அடியிலும் நின்று நின்று பார்த்தார். கோண்டார்க் கோட்டைகளில் இந்து, அரபுக் கட்டடக் கலைகளின் சாயல் இருப்பதாக யுனெஸ்கோவின் குறிப்பு சொல்கிறது. அது அவருக்கு முன்பே தெரியும். “யாரோ உங்கள் பக்கத்திலிருந்து வந்திருக்கிறார்கள்” என்றார்.

உங்கள் நண்பர் அடிஸ் அபாபாக்காரர் என்றால் 1636 அவருக்கு இந்த அளவு உறைக்காது. ஆனாலும் கோண்டார் எந்த எத்தியோப்பியருக்கும் தெரிந்த பெயர்.

இன்னொன்று, வீதிகள். பதின்மூன்று மாதக் காலண்டர் உள்ள நாட்டிலிருந்து வந்தவரிடம், எங்கள் ஊரில் தெருக்களுக்கு மாதங்களின் பெயர் என்றேன், சட்டென்று நின்றுவிட்டார். கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி, எல்லாவற்றுக்கும் வெளியே வெளி வீதி. ஏன் பன்னிரண்டும் இல்லை, ஏன் வரிசையாக இல்லை, சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தார். மாசியில் நடந்த திருவிழாவைச் சித்திரைக்கு மாற்றியவர் திருமலை நாயக்கர் என்று ஊரில் சொல்வதை நானும் சொன்னேன். “மறுபடியும் அவரா!” என்றார்.

ஜூன் 4, மாலை

நேரம் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அங்கேயே இருக்கிறீர்கள். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். எத்தியோப்பியாவில் மணியை விடியலிலிருந்து எண்ணுவார்கள். நம் காலை ஏழு அவர்களுக்கு ஒன்று. நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம், “நாளை மூன்று மணிக்கு வகுப்பு” என்றார் துறையில் ஒருவர். மதியம் மூன்று மணிக்குப் போனேன். வகுப்பு காலை ஒன்பதுக்கு. அறுபது பிள்ளைகள் ஒரு மணி நேரம் காத்திருந்து கலைந்திருக்கிறார்கள். மறுநாள் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. மாணவர் தலைவர் மட்டும் எழுந்து, உடல்நலம் சரியில்லையா என்று கேட்டார். நான்கு ஆண்டுகளும் அந்தப் பிள்ளைகளுக்காக உயிரைக் கொடுத்துக் கற்பிக்க எனக்கு அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது.

இதை இங்கே அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு வியப்பே இல்லை. “சூரியன் வந்ததிலிருந்துதானே எண்ண வேண்டும்? நாழிகைக் கணக்கு அப்படித்தான்” என்றார்.

கேட்டவர், ஜூன் 5

நன்றி அம்மா. என் நண்பர் எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர், நோன்புகளைக் கடைப்பிடிப்பவர். கோயிலுக்குள் அவரை விடுவார்களா? விடமாட்டார்கள் என்றால் போகாமலே இருந்துவிடலாமா? வாசல்வரை அழைத்துப்போய் அவமானப்படுத்த எனக்கு மனமில்லை.

ஜூன் 5, இரவு

இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை வந்தது. செல்போனையும் செருப்பையும் கொடுத்துவிட்டு உள்ளே போனோம். பிராகாரம், பொற்றாமரைக் குளம், ஆயிரங்கால் மண்டபம்வரை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆயிரங்காலில் தூண்கள் 985 என்றதும், மீதிப் பதினைந்து எங்கே என்று இரண்டு கணக்கு ஆசிரியர்களும் பேசிக்கொண்டே வந்தோம். சந்நிதிக்குப் போகும் வழியில் அந்தப் பலகை. இந்து அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை.

கோண்டாரில் தெப்ரே பிர்ஹான் செலாசி என்று ஒரு பழைய தேவாலயம். கூரை முழுவதும் சிறகு முளைத்த தேவதை முகங்கள், கண்கள் எல்லாம் நம்மையே பார்த்தபடி இருக்கும். அங்கேயும் செருப்பைக் கழற்ற வேண்டும். நெற்றியில் பொட்டோடு போன என்னை, இந்த மதமா அந்த மதமா என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கூரைக்குக் கீழே என் கையைப் பிடித்து நிறுத்திக் காட்டியவர், இங்கே பலகைக்கு முன்னால் என்னோடு நிற்கிறார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை. அவர்தான் பேசினார்.

“எங்கள் தேவாலயத்திலும் உள்ளே ‘மக்தஸ்’ இருக்கிறது. அதற்குள் குருமார் மட்டும்தான் போவார்கள். அங்கே இருக்கும் தாபோத்தை, பத்துக் கட்டளைப் பலகையின் புனித வடிவத்தை, என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை, என் அம்மாவும் பார்த்ததில்லை. திரைக்கு வெளியே நின்றுதான் கும்பிடுகிறோம். நீ போய் எனக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டு வா.”

போனேன். திரும்பி வரும்போது பொற்றாமரைக் குளத்தின் படியில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் யாரோ ஒரு குழந்தை.

அதனால் அழைத்துப் போங்கள். பலகை இருப்பதை மட்டும் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் அழைத்துப்போனேன். அது என் தவறு. போகிறாரா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்.

ஜூன் 6

ஒரு திருத்தம். நேற்று முன்தினம் எழுதியதைப் படித்தால் மகாலும் குளமும் ஒரே ஆண்டில் வந்தவை என்பது போல இருக்கிறது. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் 1645இல் வந்தது. மகாலுக்கு மண் எடுத்த பள்ளம், அதில் கிடைத்த முக்குறுணிப் பிள்ளையார் என்ற கதை எல்லோரும் அறிந்ததுதான்.

ஜூன் 8

சாப்பாடு. இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆர்த்தடாக்ஸ் நோன்பைக் கடைப்பிடிப்பவர் என்கிறீர்கள். புதன், வெள்ளிகளில் இறைச்சி மட்டுமல்ல, பால், நெய், முட்டை எதுவும் கூடாது. ஜூலை முதல் வாரத்தில் வருகிறார் என்றால் அப்போஸ்தலர் நோன்பும் நடந்துகொண்டிருக்கும். ஜூலை 12 வரை. உங்கள் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை காலை தோழி தயிரையும் பால் காபியையும் ஒதுக்கியபோது, வெள்ளிக்கிழமை தவறாமல் கவிச்சி தொடாத என் அம்மா, “என்னைவிடக் கண்டிப்பாக இருக்கிறாளே” என்று மகிழ்ந்துபோனார். இட்லியும் சாம்பாரும் போதும், நெய் விடாமல்.

இன்ஜெராவையும் தோசையையும் ஒப்பிடுவது எல்லோரும் செய்வது. புளித்த மாவு, கல், வட்டம். அந்த ஒற்றுமை சாப்பாட்டு மேசைப் பேச்சோடு முடிந்துவிடும். அதைவிட ஆழமாக இறங்குவது எச்சில். கோண்டாரில் ஒரே தட்டில் விரித்த இன்ஜெராவைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் பிய்த்துச் சாப்பிடுவார்கள். முதல் ஆறு மாதம் வயிறு சரியில்லை என்று பொய் சொல்லித் தனித்தட்டு வாங்கினேன். அவர்கள் நம்பினார்கள், இல்லை, நம்பியதாகக் காட்டிக்கொண்டார்கள். ஒருநாள் தோழியின் தாயார் ஒரு கவளத்தைச் சுருட்டி என் வாயருகே நீட்டினார். குர்ஷா. அன்பின் மிகுதியில் ஊட்டுவது. மறுத்தால் எவ்வளவு வலிக்கும் என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. வாயைத் திறந்தேன். அன்றோடு என் தனித்தட்டு போயிற்று.

இப்போது எங்கள் வீடு. முதல் நாள் இரவு, வீட்டிலிருந்த மூத்த உறவினர் ஒருவர், எனக்குத் தெரியாமல், அவருக்கு மட்டும் காகிதத் தட்டும் காகிதக் குவளையும் எடுத்து வைத்திருந்தார். எங்களுக்கெல்லாம் எவர்சில்வர். விருந்தாளிக்கு மரியாதை என்று தோழி நினைத்துக்கொண்டார். அது மரியாதை இல்லை என்று எனக்குத் தெரியும். எதுவும் பேசாமல் என் தட்டை எடுத்து வைத்துவிட்டு நானும் காகிதத் தட்டில் சாப்பிட்டேன். பேசியிருக்க வேண்டும். இரவு அம்மாதான் பேசினார். அடுப்படியில், கதவைச் சாத்திக்கொண்டு. மறுநாளிலிருந்து எல்லோருக்கும் ஒரே தட்டு.

மூன்றாம் நாள் இரவு மொட்டைமாடியில் சாப்பாடு. தோழி ஒரு கவளம் எடுத்து என் அம்மாவின் வாயருகே கொண்டுபோனார். அறுபது வருடமாக எச்சில் பார்த்து வளர்ந்தவர் என் அம்மா. ஒரு கணம் தயங்கி, உள்ளங்கையை நீட்டினார். தோழியும் புரிந்துகொண்டு உள்ளங்கையில் வைத்தார். அம்மா சாப்பிட்டார். பிறகு எழுந்துபோய், மீதிச் சோற்றை ஒரு பெரிய பாத்திரத்தில் பிசைந்து எடுத்துவந்து, எல்லோரையும் வட்டமாக உட்காரச் சொல்லி, ஒவ்வொருவர் கையிலும் உருண்டை உருட்டி வைத்தார். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நிலாச்சோறு கொடுத்தது போல. அந்தக் காகிதத் தட்டு உறவினரும் கை நீட்டினார்.

காபியை மறந்துவிட்டேன். பச்சைக் காபிக் கொட்டை கொண்டுவந்திருந்தார். எங்கள் இரும்புச் சட்டியில் வறுத்தார். அங்கே காபி வறுக்கும்போது சாம்பிராணி புகைப்பது வழக்கம். எங்கள் வீட்டிலும் அது இருந்தது, தேட வேண்டியிருக்கவில்லை. அபோல், தோனா, பரக்கா என்று மூன்று சுற்று. மூன்றாவதற்கு முன் யாரும் எழுந்து போகக் கூடாது. பால் ஊற்றாத காபியை அம்மா இரண்டு சுற்று பொறுமையாகக் குடித்தார். மூன்றாவதில், “இதில் கொஞ்சம் பால் விட்டால் காபியாகிவிடும்” என்றார். காபி பிறந்த நாட்டுக்காரரிடம்! மொழிபெயர்த்துச் சொன்னேன். தோழி அம்மாவைக் கட்டிக்கொண்டார்.

ஜூன் 9

எழுத்து. அம்ஹாரிக்கின் ஃபிதல் எழுத்து வரிசையை நீங்கள் படித்திருப்பீர்கள். அடிப்படை எழுத்து 33, ஒவ்வொன்றுக்கும் ஏழு உயிர் வடிவம், மொத்தம் 231. நம் உயிர்மெய் போலவே, மெய்யோடு உயிர் ஒட்டியதும் வடிவம் சற்றே மாறும். ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்கு இதை விளக்க ஒரு நாள் ஆகும். அவருக்கு ஒரு நிமிடம் ஆகவில்லை. ஒரு தாளில் க, கா, கி, கீ எழுதினேன். பக்கத்தில் அவர் தன்னுடையதை எழுதினார். மூன்றாம் நாள் டவுன் பஸ் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்தார். அவருக்கு ஒரே ஒரு கோபம்: ‘கெ’ என்பதில் ஒலி பின்னால் வருகிறது, கொம்பு ஏன் முன்னால் நிற்கிறது? ‘கொ’ என்பதில் ஏன் இரண்டு பக்கமும் வளைத்துக்கொள்கிறது? என்னிடம் பதில் இல்லை. தமிழ் எழுத்தைப் பற்றி அப்படி ஒரு கேள்வி எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

பெயரும் அப்படியே. அவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தன் பெயருக்குப் பின் தந்தை பெயர். நமக்குத் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால். விண்ணப்பப் படிவங்களில் ‘குடும்பப் பெயர்’ கட்டத்துக்கு முன்னால் நாங்கள் இருவரும் பட்ட பாட்டைப் பேசியே ஒரு பஸ் பயணம் முடிந்தது.

ஜூன் 14

ஐந்தாம் தேதி எழுதியதை மீண்டும் படித்தேன். பாதி உண்மையைத்தான் எழுதியிருக்கிறேன்.

அங்கே திரை, இங்கே பலகை. இரண்டும் ஒன்று என்று தோழி சொன்னார், நானும் ஆறுதலாக எடுத்துக்கொண்டேன். இரண்டும் ஒன்றில்லை. அங்கே திரைக்கு வெளியே ஊரே நிற்கிறது. உள்ளே போவது குருவின் பணி. இங்கே நான் உள்ளே போகலாம், அவர் போகக் கூடாது, காரணம் பிறப்பு. தன்னைவிட நான் அதிகம் வருந்துகிறேன் என்று பார்த்து, என்னைத் தேற்ற அவர் கண்டுபிடித்த வார்த்தை அது. அவருடைய பெருந்தன்மையை வைத்து என் ஊரை நான் மன்னித்துக்கொள்ளக் கூடாது.

அதே கோயிலில் 1939 ஜூலை 8 அன்று, வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்டோரும் நாடார் ஒருவரும் உள்ளே போனார்கள். அதுவரை இந்த ஊரிலேயே பிறந்த தமிழர்களுக்கும் அந்த வாசல் மூடித்தான் இருந்தது. நான் இதை அவரிடம் சொல்லவில்லை. அழகானதை மட்டும் காட்ட நினைத்தேன். நீங்கள் சொல்லுங்கள். உங்கள் நண்பர் வருவதும் ஜூலைதான்.

வெறித்துப் பார்ப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோண்டாரில் பிள்ளைகள் “ஹிந்த்! ஹிந்த்!” என்று என் பின்னால் ஓடிவருவார்கள், அதில் விளையாட்டு இருக்கும். இங்கே பஸ்ஸில் தோழியின் முடியைக் கேட்காமல் தொட்டுப் பார்த்தார் ஒருவர். “எவ்வளவு கறுப்பு!” என்றார் இன்னொருவர், அவரும் கறுப்பு. தமிழ் அவருக்குப் புரியாது என்ற நம்பிக்கையில் எல்லோரும் பேசினார்கள். குரலின் தொனி எந்த மொழியிலும் புரியும். உங்கள் நண்பருக்கு இது நடந்தால் சமாளித்துச் சிரிக்காதீர்கள். அங்கேயே, அவர் முன்னாலேயே, பேசியவரிடம் தமிழில் சொல்லுங்கள். இரண்டாம் நாள் நான் சொன்னேன். பஸ் முழுக்க அமைதியாயிற்று. ஒரு பூக்காரம்மா எழுந்து இடம் கொடுத்து, கூடையிலிருந்து ஒரு முழம் மல்லியைக் கிள்ளிக் கொடுத்தார். நெருக்கிப் பின்னிய சடையில் பூ நிற்கவில்லை. ஊக்கையும் அவரே கொடுத்தார்.

ஜூன் 20

தெப்பத் திருவிழாவையும் காட்ட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். ஜூலையில் தெப்பம் கிடையாது, தைப்பூசத்துக்குத்தான். ஆனாலும் மாலையில் தெப்பக்குளத்துக்கு அழைத்துப் போங்கள். மைய மண்டபம் தெரிகிற படியில் உட்கார்ந்து, அவரை அவர்கள் ஊர்த் திம்கத் திருவிழா பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் பேசாதீர்கள்.

கோண்டாரில் ஜனவரி 18 மாலை, ஒவ்வொரு தேவாலயத்திலிருந்தும் தாபோத்தைப் பட்டுத் துணியில் மூடி, குரு தலையில் சுமந்து, மேலே சரிகைக் குடை பிடித்து, மேளத்தோடு ஃபாசிலிதஸ் குளத்துக்குக் கொண்டுபோவார்கள். ஆண்டு முழுதும் வறண்டு கிடக்கும் குளத்தில் அதற்காகவே ஆற்றுநீரை நிரப்பியிருப்பார்கள். விடிய விடிய வழிபாடு. காலையில் நீரைப் புனிதப்படுத்தியதும் இளைஞர்கள் குதிப்பார்கள். நான்கு முறை பார்த்திருக்கிறேன்.

அந்தத் தையில் தெப்பக்குளத்தில் தண்ணீர் இருந்தது. வறண்ட ஆண்டுகளில் நிலைத் தெப்பம்தான். மீனாட்சியும் சுந்தரேசுவரரும் குடையோடு வந்து தெப்பத்தில் ஏறினார்கள், கரையில் வடம் பிடித்தார்கள். தோழி குடையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். ஆய்வுக்காக வந்ததால் அந்த வருடம் ஊரில் திம்கத்துக்கு அவர் இல்லை. தன் மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, தெப்பம் சுற்றி முடிக்கும்வரை நின்றார். நான் எதையும் விளக்கவில்லை. பட்டியல் போட்டுக் காட்டியவை எதிலும் அந்த முகம் எனக்குக் கிடைக்கவில்லை.

2023 ஆகஸ்டுக்குப் பிறகு அம்ஹாரா பகுதியில் சண்டை. தோழி கோண்டாருக்கே திரும்பிவிட்டார். இணையம் இல்லாமல் வாரக்கணக்கில் செய்தி வராது. சென்ற மாதம் வந்தது. அம்மாவின் உடல்நலம் எப்படி என்று கேட்டிருந்தார்.

கேட்டவர், ஜூன் 27

அப்பாவுக்கு இந்தப் பக்கம் முழுவதையும் படித்துக் காட்டினேன். இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று, தெப்பக்குளத்துக்குத் தானும் வருகிறேன் என்றார். நான் முதலில் வந்துவிடுகிறேன். நண்பர் ஒரு வாரம் கழித்து ஜூலை 9இல் சென்னை வந்து, மறுநாள் காலை 6 மணி ரயிலில் தனியாக மதுரை வருகிறார். டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

ஜூன் 27, இரவு

10ஆம் தேதி என்றால் நோன்பு இன்னும் முடிந்திருக்காது, உங்கள் அம்மாவுக்கு நினைவுபடுத்துங்கள். கால் கிலோ பச்சைக் கொட்டை கொண்டுவரச் சொல்லுங்கள். இரும்புச் சட்டி இல்லையென்றால் எங்கள் வீட்டில் இருக்கிறது.

நண்பருக்கு வெறுமனே ‘6 மணி’ என்று எழுதி அனுப்பாதீர்கள். விமானம் ஏறி வருபவருக்கு நம் கணக்கு தெரிந்திருக்கும்தான். ஆனாலும் பயணக் களைப்பில், அவர் ஊர்க் கணக்கில் பகல் ஆறு மணி என்றால் நமக்கு நடுப்பகல் பன்னிரண்டு. ரயில் அதற்குள் திருச்சியைத் தாண்டியிருக்கும். ‘விடிகாலை 12 மணி’ என்று அம்ஹாரிக்கிலேயே எழுதிவிடுங்கள்.